எழுபது வளைவுகளுக்கு முன் மூன்று வாரம்: பழைய பிக்கப் வண்டியை வீட்டிலேயே தயார் செய்வது எப்படி?

எங்கள் வீட்டு பொலேரோ கேம்பரை அப்பா 2009-இல் வாங்கினார். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் லோடு ஏற்றும் பாடி. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை இருக்கிற வீடுகளில் இப்படி ஒரு வண்டி நிற்கும். தீவன மூட்டையும் முட்டை அட்டையும் ஏற்றி இறக்கியே அதற்கு வயதாகியிருக்கும். அப்பாவுக்கு முட்டி வலி வந்து ஓட்டுவதை நிறுத்திய பிறகு, எங்கள் வண்டி எட்டு மாதம் வேப்பமரத்தடியிலேயே நின்றது. ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போய் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு வரலாம் என்று அம்மா ஆரம்பித்தார். போவதென்றால் அந்த வண்டியில்தான் என்றும் சொல்லிவிட்டார்.

காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் கொதிக்கும், இறங்கும்போது பிரேக் கொதிக்கும். அதனால் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே வேலை பார்த்தேன். இதுவரை வண்டி வேலை செய்து பழக்கமில்லாதவர்களும் செய்யக்கூடியதை, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி வாரம் ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும். புதிதாகப் போட்ட ஹோஸில் கசிவு இருந்தால் நாற்பது கிலோமீட்டர் போன பிறகுதான் தெரியும். முந்தின நாள் ராத்திரி மாட்டிய பாகத்தை நம்பி மலை ஏறாதீர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "நாளைக்கு வந்துடுங்க" என்றால் மூன்று நாள் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

காகித வேலையை முதல் நாளே பாருங்கள். சரக்கு வண்டி எட்டு வருடத்தைத் தாண்டிவிட்டால் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) ஒவ்வொரு வருடமும் எடுக்க வேண்டும். சும்மா நின்ற வண்டி என்றால் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டுகிறவருக்கு சாதாரண இலகுரக உரிமமே போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் உறுதி செய்திருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எத்தனை பேர் என்று இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும், அதுவும் கேபினுக்குள்தான். பின்னால் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வளைவில் பிடிமானம் இருக்காது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. நாங்கள் ஐந்து பேர் கேம்பரில் போனோம், தம்பி குடும்பம் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்தது.

முதல் நாள்: சாவியைத் தொடாதீர்கள்

ரொம்ப நாள் நின்ற வண்டியைப் பார்த்ததும் ஸ்டார்ட் பண்ணத்தான் கை போகும். முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். எங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி வைக்கோல், கடித்த வேப்பங்கொட்டை, கந்தல் துணி எல்லாம் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் அந்தத் தூசி எஞ்சினுக்குள் போயிருக்கும். பக்கத்தில் ஒரு பச்சை ஒயரின் தோலை இரண்டு அங்குல நீளத்துக்குச் சுத்தமாக உரித்து வைத்திருந்தது, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. டார்ச் அடித்து ஒவ்வொரு ஒயரையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். செம்பு தெரிகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பாதி அறுந்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஏர் ஃபில்டரை ஊதிப் போடாமல் புதிதாகவே மாற்றிவிடுங்கள்.

அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, மேலே கல் வையுங்கள். காலையில் எந்த இடத்தில் என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் லேசான மஞ்சளில் எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், அப்படியானால் அது சரியாகும் வரை வண்டியை நகர்த்தக்கூடாது. மெக்கானிக்கிடம் போனாலும் அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். "எங்கேயோ ஒழுகுதுண்ணா" என்று சொல்வதைவிட அது பயன்படும்.

பிரேக்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். பல வருடங்களுக்கு முன் இதே மலையிலிருந்து இறங்கும்போது, அப்பா பாதி வழியில் ஒன்றும் பேசாமல் இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மலைச் சுவர் பக்கமாக வண்டியை நிறுத்தினார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிட்டது. ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் திரும்ப வந்தது. காரணம் பழைய பிரேக் ஆயில்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் தரையைத் தொடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். போன தடவை மிச்சம் வைத்த, மூடி திறந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். எந்த ஆயில் என்று பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையையோ கையையோ கொடுக்கக்கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் இரவல் கேளுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அவை முன்கூட்டிச் சொல்லாமல் ஒரே நொடியில் உடையும்.

முன் சக்கரங்களில் டிஸ்க். அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடின் கனம் மூன்று மில்லிமீட்டருக்குக் கிட்டே வந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டிஸ்க்கில் விரலை வைத்து இழுத்தால் பள்ளம் பள்ளமாகத் தட்டினாலும், ஓரத்தில் தடித்த விளிம்பு இருந்தாலும் ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். பின்னால் டிரம். அதற்குள் உரசும் லைனிங்கில் எண்ணெய் படிந்திருந்தால் வீல் சிலிண்டரோ ஆயில் சீலோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அந்த வேலை மெக்கானிக்குடையது. ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் லேசாக மடக்கிப் பாருங்கள். மடக்கின இடத்தில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். விலை அதிகமில்லை.

அடுத்து ஆயில் மாற்றி ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். பத்தாவது படிக்கிற என் மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். மீன் தொட்டிக்கு வாங்கும் கண்ணாடி மாதிரியான மெல்லிய குழாயை, சக்கரத்தின் உள்பக்கம் பிரேக்கில் ஆயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் நிப்பிளில் சொருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டேன். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வர வேண்டும். நம் ஊர் வண்டிகளில் பொதுவாகப் பின்பக்கம் இடது சக்கரம்தான் முதலில்.

"மிதி கண்ணு." மிதிப்பாள். "பிடிச்சுக்கோ." நான் நிப்பிளை அரைச் சுற்றுத் திறப்பேன். ஆயில் ஓடும், பெடல் இறங்கும். "வுட்டுடாத!" நிப்பிளை மூடிய பிறகுதான், "இப்ப வுடு." இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும். முதலில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. நடுவில் குமிழ்கள் வந்தன. பிறகு தெளிவாக, லேசான மஞ்சளில் வந்தது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மேலே டப்பாவில் ஆயிலை நிரப்பிக்கொண்டே இருங்கள். டப்பா காலியானால் முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். துருப்பிடித்த நிப்பிளில் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, ரிங் ஸ்பேனர் போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும்.

முடிந்ததும், நம் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரைச் சோதிப்பது சுலபம். எஞ்சின் ஓடாதபோது பெடலை நாலைந்து தடவை மிதித்தால் கெட்டியாகிவிடும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு விரல் அளவு தானாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) வரவில்லை. எல்லாம் செய்த பிறகும் பெடல் மெத்தென்று இருந்தாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போது மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தாலோ, அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

டயரும் அடிப்பக்கமும்

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர் பூ) நன்றாக இருந்தாலும், ஆறேழு வருடம் ஆகி பக்கவாட்டில் வெடிப்பு விழுந்த டயர் மலைக்கு வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். அது 1.6 மில்லிமீட்டர் அடையாளம், டயர் அதுவரை தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ரீட்ரேட் டயரைத் தயவுசெய்து முன்னால் போடாதீர்கள். ஸ்டெப்னியையும் இறக்கிக் காற்று பாருங்கள், பல வீடுகளில் அது வருடக்கணக்கில் காற்றில்லாமல் தொங்கும்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் தேய்மானம் தெரியும். இரண்டில் எது ஆடினாலும் ஒர்க்‌ஷாப்தான். பின்னால் பாரம் தாங்கும் கமான் பட்டையில் உடைந்த இலை இருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நின்ற வண்டியில் கிரீஸ் கல்லாகியிருக்கும். கிரீஸ் அடிக்கும் நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வந்து புதியது தெரியும் வரை கிரீஸ் கன் அடியுங்கள். எஞ்சின் வலுவைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டை மறக்க வேண்டாம்.

தண்ணீர்

எங்கள் ஊர் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதே படிவு ரேடியேட்டருக்குள்ளும் சேர்ந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். சாதாரணமாக ஓடும்போது தெரியாது. லோடோடு மூன்றாவது கியரில் ஏறும்போதுதான் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் மேலே போகும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே உள்ள பிளக் வழியாக வடியுங்கள். எங்களுக்குச் செங்கல் கரைத்தது போல வந்தது. நல்ல தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடிக்க வேண்டும். ஐந்து தடவைக்குப் பிறகு தெளிந்தது. அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். கலந்தே விற்கிற கூலன்ட்டும் கிடைக்கும், அதில் தண்ணீர் சேர்க்கக்கூடாது, லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். வடித்ததை நாயோ மாடோ நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விறைத்திருந்தால் மூடியையும் மாற்றுங்கள். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு யோசனை எல்லோர் வாயிலிருந்தும் வரும். "தம்பி, தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுறலாமுங்க, அப்புறம் சூடே ஆகாது" என்று எனக்கும் ஒருவர் சொன்னார். ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் அரைகுறையாக எரியும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, மலையில் இன்னும் சூடாகும். கெட்டுப்போயிருந்தால் புதியதை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்க வேண்டும். உள்பக்கம் வெடிப்போ பளபளப்போ இருந்தால் மாற்றிவிட்டு, பழையதை வண்டியிலேயே போட்டு வையுங்கள். இந்த மாதிரிப் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜோடு பிரேக்கின் இலகுவும் போய்விடும்.

ஆயில், டீசல், பேட்டரி

எஞ்சின் ஆயில் வேலை எல்லோருக்கும் வரும். வெதுவெதுப்பான எஞ்சினில் வடித்து, புதிய ஃபில்டரின் ரப்பரில் ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். ரப்பர் ஒட்டிய பிறகு முக்கால் சுற்று போதும். மேனுவலில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள், இந்த மாதிரி எஞ்சினுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 தான். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் கெட்டியாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய ஆயிலை வேலியோரம் கொட்டாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். கியர் பாக்ஸ் ஆயிலும், பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் ஆயிலும் பிளக்கைத் திறந்தால் ஓட்டையின் விளிம்பு வரை இருக்க வேண்டும்.

நின்ற வண்டியின் டீசல் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும். ஃபில்டருக்கு அடியில் உள்ள பிளக்கைத் தளர்த்தி வடியுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். மாற்றியதும் லைனில் காற்று இருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் நுரை நின்று டீசல் மட்டும் வரும். உடனே ஸ்க்ரூவை இறுக்குங்கள். இதைச் செய்யாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் தீரும்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கலந்த வெந்நீரால் கழுவி, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். மல்டிமீட்டர் இருந்தால் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் பாருங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான், கம்பியைச் சுற்றினால் ஒயர் எரியும்.

ஓட்டிப் பார்க்கிற வாரம்

முதல் நாள் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர். பிறகு சேந்தமங்கலம் வரை போய் வந்தோம். கடைசியாகப் போகிற நாள் மாதிரியே ஐந்து பேரோடும் சாமானோடும் முப்பது கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வலது முன் சக்கரம் அப்படி இருந்தது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரின் பின்னைக் கழற்றித் துருவைத் தேய்த்து அதற்குரிய கிரீஸ் தடவியதும் சரியானது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டரில் வீல் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்குங்கள். செய்தித்தாளையும் மறுபடி விரியுங்கள்.

வண்டியில் எடுத்துப்போக வேண்டியவை: ஜாக்கி, அதற்கு அடியில் போட ஒரு பலகை, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு இரண்டு கட்டை, ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில், ஹோஸ் கிளிப், ஃபியூஸ், டார்ச், சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் பலகை.

மலையில்

விடிந்த பிறகு ஏறுங்கள், இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி. நீங்கள் இறங்கும்போது அதை நினைவில் வையுங்கள். ஏறும்போது முள் நடுவைத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். இன்னும் ஏறினால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, தண்ணீர் ஒழுகாதவரை எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஆற்றுங்கள். தண்ணீர் கொட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது.

இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், வளைவுக்கு முன் ஒருமுறை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், அடுத்த வளைவுக்குள் அது ஆறட்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்து உருட்டுவதும் கூடவே கூடாது. அணைத்தால் வேக்குவம் போய் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

பாதி மலையில் ஒருமுறை நிறுத்திச் சக்கரங்களை ஆறவிடுங்கள். நாங்கள் அம்மா கட்டிவந்த புளிச்சோற்றை அங்கேதான் சாப்பிட்டோம். அப்பா கீழே இறங்கி நாலு சக்கரத்துக்கும் கிட்டே போய் மோந்து பார்த்துவிட்டு, "வாசம் எதும் இல்ல, எடு" என்றார். லைனிங் கருகினால் எரிந்த வாடை மூக்கைத் துளைக்கும். அந்த வாடை வந்தால் போகும்வரை அங்கேயே உட்காருங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் டிரம் வெடிக்கும். காரவள்ளிக்கு வந்ததும் ரிம்முக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை கையைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.